எட்டு எம்பியும் ஓர் அரமும்

நம்மில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு இன்னொரு மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. மீதிப் பேர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் நாங்கள் இல்லை என்று சாதிக்கிறோம். ஆகவே என் வயதுக்காரர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் டிக் டிக் டிக் என்று ஏறிக்கொண்டே போகுமே, ஞாபகம் இருக்கிறதா? தன்னிடம் மெமரி எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் சத்தம் அது. எங்கள் வீட்டில் அது எட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிடும்.

போன வாரம் என் மகன் தன் போனில் மெமரி பற்றவில்லை என்று சலித்துக்கொண்டான். எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவன் சொன்ன கணக்கில் எங்கள் பழைய கம்ப்யூட்டர் எத்தனை அடங்கும் என்று மனதுக்குள் வகுக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். எங்களிடம் இருந்தது எட்டு எம்பி. அப்பா அதை முதன்முதலில் பெருமையாகச் சொன்னபோது பக்கத்து வீட்டு அத்தை, "எட்டு எம்பியா? எந்தக் கட்சி?" என்று கேட்டார். அவர் கேட்டது கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டர். காவேரிப்பட்டினம் பக்கம் பிறந்து, ஐடிஐ முடித்து, வேலைக்காக இங்கே வந்தவர். கம்பெனி ஆபீசுக்குப் புது மெஷின்கள் வந்த வருடம், பழைய கம்ப்யூட்டர்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அப்பா ஒன்றை எடுத்தார். மழைத் தூறலில், ஆட்டோவின் பின் சீட்டில், மானிட்டரைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கேபினெட் கம்பளியில் சுற்றி அவர் காலடியில் இருந்தது.

தையல் மெஷின் இருந்த மூலை அதற்குக் கிடைத்தது. அம்மா பழைய பூப்போட்ட ஜன்னல் துணியில் அதற்கு உறை தைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். எதற்கென்று கேட்டால், "ஆபீஸ்ல அப்படித்தான்" என்பார். எங்கள் வீட்டுக்குள் செருப்பு போட்டு நடப்பவர் யாருமே இல்லை என்பது வேறு விஷயம்.

இதை எதற்கு வாங்கினீர்கள் என்று யார் கேட்டாலும், "பாப்பா படிக்கட்டும்" என்று என்னைக் காட்டுவார். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதில் நான் படிக்க ஒன்றுமே இல்லை. இப்போது யோசித்தால் அது அம்மாவுக்காக வந்தது என்று புரிகிறது. நான் பிறப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் ஆம்பிளைகளோடு ஏறி இறங்குவது சரிப்படாது என்று அப்பா தடுத்துவிட்டார். அம்மா சண்டை போடவில்லை. அந்த ஆர்டரை மட்டும் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். புடவையை எடுக்கும்போதெல்லாம் காகிதமும் கூடவே வெளியே வரும். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

அம்மா பேரிகை என்கிற ஊர்க்காரி. பிறந்த வீட்டில் தெலுங்கு. ஏழாவது வரை ஆனேக்கல்லில் தன் பெரியம்மா வீட்டில் தங்கிக் கன்னடத்தில் படித்தாள். அதற்கப்புறம் தமிழ்ப் பள்ளிக்கூடம். தெலுங்கு எழுத்தைப் பஞ்சாங்கம் பார்த்தே பழகிக்கொண்டாள். மூன்றையும் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. மூன்றையும் பிழையில்லாமல் எழுதுகிறவர் சுலபத்தில் கிடைக்கமாட்டார்.

இது கம்பெனியின் பர்சனல் ஆபீசர் காதுக்குப் போய், அவரே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மெஷின்களுக்கு மேலே மாட்டியிருந்த பாதுகாப்பு அறிவிப்புகள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அவற்றைப் படித்துவிட்டு யாரும் மெஷினுக்குள்ளிருந்து கையை எடுத்ததாகத் தெரியவில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே தாளில், ஒன்றின்கீழ் ஒன்றாக, பெரிய எழுத்தில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். மொத்தம் இருபத்திரண்டு அறிவிப்புகள். ஆயுத பூஜையன்று மாட்டியாக வேண்டும். அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருவார்கள், தொழிலாளர் குடும்பங்களையும் உள்ளே விடுவார்கள்.

"நல்லா வந்துச்சுன்னா கம்பெனி நோட்டீஸ் வேலை பூரா இனிமே உங்களுக்குத்தாம்மா," என்றார். "தேதி தவறுனா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பெங்களூர்ல ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

அம்மா தலையை ஆட்டினாள். அவர் போனபிறகு அடுப்படியில் ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவினாள். பதினான்கு வருடம் கழித்து வேலை வீடு தேடி வந்திருந்தது. பஸ்ஸில் ஏறக்கூடத் தேவையில்லை.

தமிழில் அடிக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குக் கீழே கன்னடத்தைச் சேர்த்தால் மெஷினுக்கு மூச்சு வாங்கும். தெலுங்கைத் தொட்டால் தீர்ந்தது. திரையில் மணல் கடிகாரம் வந்து உட்காரும். கேபினெட்டுக்குள் ஏதோ கறகறவென்று அரைக்கும். அம்மா எழுந்து போய் அவரைக்காய் நறுக்கி, தாளித்து, இறக்கிவைத்துவிட்டு வந்து பார்ப்பாள். மணல் கடிகாரம் அங்கேயே இருக்கும். கடைசியில் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். "ரெண்டு எழுத்தும் பாக்க ஒண்ணு மாதிரிதான கெடக்குது, உனக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?" என்று அம்மா அதைக் கேட்பாள்.

வேகம் கூட்டுவதற்கு அப்பா தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தார். சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தார். கேபினெட்டின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை அதன் எதிரே வைத்தார். எங்களுக்கு வேர்த்தது. ஓசூரில் அந்தக் காலத்தில் வேர்ப்பதே அபூர்வம் என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறி நகர்ந்துகொண்டிருந்தன. சிதறிக் கிடப்பதை மெஷின் அடுக்கி வைக்கிறது என்றார் அப்பா. அதைச் சினிமா பார்ப்பதுபோல எதிரே உட்கார்ந்து பார்த்தோம். சாயங்காலம் மெஷின் முன்னைப் போலவே இருந்தது.

அடுத்ததாக அவர் என் விளையாட்டை அழித்தார்.

ஒரு குள்ளப் பையன் மரத்துக்கு மரம் தாவிப் பழம் பறிக்கிற விளையாட்டு அது. ஒரு பிளாப்பியில் என் சிநேகிதி கொடுத்தது. பிளாப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவளும் அதில் வேறு எதையோ ஏற்றிவிட்டாள். நான் ஏழாவது கட்டம் வரை போயிருந்தேன். பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் இல்லை. "அது எடத்த அடைச்சிக்கினு இருந்துச்சு பாப்பா. இப்ப பாரு, ஓடும்," என்றார் அப்பா. அந்த விளையாட்டை அழித்ததற்கும் மெமரிக்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தது. அப்போதைய கோபத்தைக் கேட்கவே வேண்டாம். ஒரு வாரம் அப்பாவிடம் தலையை ஆட்டியே பேசினேன்.

கடைசியில் பாகலூர் ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டர் சார் வந்து பார்த்தார். ஒரு நிமிடம்தான் பார்த்தார். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. மூணு பாஷையத் தாங்க மெமரி பத்தல. இன்னொரு எட்டு எம்பி வாங்கிப் போடுங்க, ஸ்லாட் காலியா இருக்குது," என்றார்.

ராம் என்கிற அந்த மெமரியை வாங்க வேண்டுமென்றால் பெங்களூர்தான். நானும் வருகிறேன் என்று அம்மா சொன்னாள். அப்பா ஒரு கையை ஆட்டினார். "அந்தக் கூட்டத்துல நீ எதுக்கு? நான் போய்ட்டு ஒரே எட்டுல வந்துடறன்."

அப்பாவுக்கும் கன்னடம் தெரியும். ஆனால் அது டூல் ரூம் கன்னடம். அங்கே ஃபோர்மேன் கன்னடக்காரர். அவர் வாயிலிருந்து வந்ததுதான் அப்பாவின் அகராதி. மெஷின், டை, ஜிக், அளவு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அப்பா கன்னடத்தில் பேசுவார். பஸ்ஸில் சில்லறை கேட்கத் திணறுவார்.

ஒருநாள் லீவு போட்டுப் போய்விட்டு மத்தியானமே திரும்பினார். சட்டைப் பையிலிருந்து தினத்தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பச்சைப் பட்டையில் இரண்டு பக்கமும் கறுப்புச் சதுரங்கள், கீழ் ஓரத்தில் வரிசையாகப் பளபளக்கும் பற்கள். இவ்வளவு தூரம் போய் இவ்வளவு சின்னதையா வாங்கிவந்தார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுவது என்று முடிவானது. ஆயுத பூஜைக்கு ஆறு நாள் இருந்தது. எனக்குக் காலாண்டு விடுமுறை நடந்துகொண்டிருந்தது. அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேஜையில் வெள்ளை வேட்டித் துண்டை விரித்து, ஸ்க்ரூ டிரைவர்களை உயரவாரியாக அடுக்கினார். மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "நீ வெச்சிக்க. தேவைன்னா கேக்கறன்," என்றார். அவருக்கு இங்கிலீஷ் பாரா படிக்க வராது. ட்ராயிங் என்றால் ஒரு பார்வை போதும்.

ராமைச் சாய்த்து நுழைத்து நிமிர்த்தினால் இரண்டு பக்கமும் கொக்கி பிடித்துக்கொள்ள வேண்டும். பழையது அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. புதியது ஒரு பக்கம் மட்டும் இறங்கியது, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். மறுபடியும் தூக்கியது.

என் மடியில் புத்தகம் பதினோராம் பக்கத்தில் திறந்திருந்தது. அதில் இதே பட்டையின் படம் இருந்தது. அதன் கீழ் மூலை ஒன்றில் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டை நோக்கி ஓர் அம்புக்குறி. வெட்டு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று போர்டிலும் இன்னோர் அம்புக்குறி. அப்பா பட்டையை இடம் வலம் மாற்றிப் பிடித்திருந்தார். திருப்பிப் போட்டால் உட்கார்ந்துவிடும். அது எனக்குத் தெரிந்தது. பதின்மூன்று வயதுக்குப் புரியாத சங்கதி இல்லை அது.

நான் சொல்லவில்லை. இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, என்னைக் கேட்டா விளையாட்டை அழித்தார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம் தவிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்றுதான் எண்ணம்.

அப்பா பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பழையதில் சிப்புகள் ஒரு பக்கம்தான் இருந்தன, இதில் இரண்டு பக்கமும். ஆகவே இது வேறு மாடல் என்று தீர்மானித்துவிட்டார். அப்புறம் அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. "கடைக்காரன் அப்பவே சொன்னான். சரியாகி கூரலில்லாந்த்ரெ ஸ்வல்ப உஜ்ஜி ஹாகின்னு," என்றார் தனக்குள். சரியாக உட்காராவிட்டால் கொஞ்சம் தேய்த்துப் போடுங்கள் என்று அர்த்தம்.

டூல் ரூமில் உஜ்ஜு என்றால் ஒன்றே ஒன்றுதான். ஃபோர்மேன் ஒரு பீஸைக் கையில் எடுத்து, பொருந்தவில்லை என்றால், "இன்னு ஸ்வல்ப உஜ்ஜப்பா" என்று அப்பாவிடம் நீட்டுவார். அப்பா அரத்தை எடுப்பார். முடி அளவுகூட இல்லாத வித்தியாசத்தைக் கையாலேயே தேய்த்து எடுக்கிறவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த கை, தன் பெட்டியைத் திறந்து ஊசி அரத்தை எடுத்தது.

அரத்தைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அம்மா காபி கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா தேய்ப்பார், ஊதுவார், வெர்னியரில் அளப்பார், மறுபடி தேய்ப்பார். பச்சைத் தூள் துண்டின்மேல் பொடிப்பொடியாக விழுந்தது. அம்மா காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெட்டு இல்லாத மூலையிலும் இப்போது ஒரு வெட்டு இருந்தது. பட்டை உட்கார்ந்தது. கொக்கிகள் இரண்டும் க்ளிக் என்றன. அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "ஃபிட் ஆவலன்னா ஆக்கணும்," என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டுத்தான் பட்டனை அமுக்கினார். எண்கள் வரவில்லை. திரையே வரவில்லை. பீ, பீ, பீ என்று ஊளை மட்டும் வந்தது. அப்பா அணைத்தார். புதியதைக் கழற்றிவிட்டுப் போட்டார். டிக் டிக் டிக் என்று எட்டாயிரத்துச் சொச்சம் வந்து நின்றது. மெஷினாவது பிழைத்ததே என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்பா, "கெட்டுப்போன மாலைக் குடுத்து ஏமாத்திட்டான்," என்றார்.

அம்மா புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள். "எப்படிப் போடணும்னு அவரு ஏதும் சொல்லலைங்களா?"

"போடுன்னான். வேற இன்னாத்த சொல்லுவான்?"

"செவ்வாக்கெழம லீவு போடுங்க, போவலாம். நானும் வர்றன்," என்றாள் அம்மா. இந்தத் தடவை அப்பா கையை ஆட்டவில்லை. என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்று மூன்று பேரும் போனோம்.

அந்தக் கடை இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும். பிளாஸ்டிக்கும் ஈயமும் கருகிய வாசனை. முன்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கடைக்காரர், பின்னால் ஸ்டூலில் அவர் தம்பி. அம்மா கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சரளமாக ஒரு வெளியாளிடம் பேசி நான் கேட்டதே இல்லை. பண்டிகைக்குள் முடிக்க வேண்டிய வேலை, வேறு வழியில்லை, பார்த்துச் செய்யுங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு மூலையிலும் வெட்டு உள்ள பீஸை நான் பார்த்ததே இல்லை, கம்பெனியிலிருந்தே தப்பாக வந்திருக்கிறது என்றார். "தப்பு நம்து அம்மா, பேரெ கொட்தீனி." தவறு எங்களுடையது, வேறு தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் திரும்பித் தம்பியைப் பிடித்துக்கொண்டார். பார்த்து வாங்கத் தெரியாதா, கண் எங்கே இருக்கிறது, உன்னை நம்பி எப்படிக் கடையை விட்டுப் போவது என்று ஒரே திட்டு. தம்பி எழுந்து நின்றார். என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காது சிவந்திருந்தது. அவர் கை அவ்வளவு சுத்தம். மெஷின் போட்ட வெட்டு எது, அப்பா போட்ட வெட்டு எது என்று விற்கிறவனுக்கே தெரியவில்லை. அவர் சும்மா நின்றிருந்தால் போதும். புதியது கைக்கு வந்துவிடும், அம்மாவின் வேலை முடிந்துவிடும், அம்மா எதிரில் மானமும் மிஞ்சும்.

"இல்லா," என்றார் அப்பா. "நானே உஜ்ஜித்து." நான்தான் தேய்த்தேன்.

கடைக்காரர் திட்டுவதை நிறுத்தினார். "யாதரல்லி?" எதைக் கொண்டு என்று கேட்டார்.

"ஃபைலல்லி."

டூல் ரூமில் அரத்துக்குப் பெயர் ஃபைல். கடைக்காரருக்குப் புரியவில்லை. அவரைப் பொறுத்தவரை ஃபைல் என்பது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது. "எந்த ஃபைல் சார்?" என்றார் தமிழிலேயே.

"அர," என்றாள் அம்மா. அரத்துக்குக் கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிட்டது.

கடைக்காரர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரப்பர் இருக்கா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். என் பையில் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் இருந்தது. ஆறாவதிலிருந்து மோந்து மோந்து பார்த்துப் பத்திரப்படுத்தி, ஒரு எழுத்தைக்கூட அதனால் அழித்ததில்லை. கொடுத்தேன். தன்னுடைய மெஷினிலிருந்து ஒரு பழைய ராமைக் கழற்றி, அதன் பற்களின்மேல் அந்த ரப்பரை வைத்து மெதுவாகத் தேய்த்தார். கறுப்பு அழுக்கு என் ரப்பரில் ஏறியது, பற்கள் மின்னின. "உஜ்ஜி அந்த்ரெ இது சார்." உஜ்ஜி என்றால் இதுதான்.

பிறகு பட்டையை நிமிர்த்திப் பிடித்து, மூலையிலிருந்த வெட்டைக் காட்டினார். இது இந்தப் பக்கம் வரவேண்டும், புத்தகத்திலேயே படம் போட்டிருக்குமே என்றார். அம்மா குனிந்து பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரப்பரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள் போல என்று கையை நீட்டி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் அந்தப் பழையதையே ஒரு தாளில் மடித்து அம்மாவிடம் கொடுத்தார். முதலில் வேலையை முடியுங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அப்பா அரம் போட்ட பட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடையைவிட்டு இறங்குமுன் அந்தத் தம்பியின் தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டு வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது அம்மா கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லைங்களா?"

"கேட்டிருக்கலாம்," என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நானும் அப்போது சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் மனசு இளகியிருந்த நேரம். ஆனால் அப்பா ஒருவரே எல்லாப் பழியையும் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு வசதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே ராமைப் போட்டாள். அப்பா டார்ச் அடித்தார். பட்டனை அமுக்கியதும் டிக் டிக் டிக் என்று எண்கள் கிளம்பின. எட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. எண்கள் நிற்கவில்லை. ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று ஏறிக்கொண்டே போய்ப் பதினாறாயிரத்தைத் தாண்டி நின்றன. அம்மா தமிழை அடித்தாள், அதன்கீழ் கன்னடம், அதன்கீழ் தெலுங்கு. மணல் கடிகாரம் வந்தது, இரண்டு முறை புரண்டது, போய்விட்டது. அம்மா அழுதாள். அப்பா டார்ச்சை அணைக்க மறந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் இருபத்திரண்டும் பிரிண்ட் ஆகிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. பூஜையன்று நாங்கள் கம்பெனிக்குள் போனோம். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கூலன்ட் வாசனையும் சாம்பிராணியும் கலந்த காற்று. கையில் பொரிப் பொட்டலம். ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே அம்மாவின் எழுத்து மூன்று மொழியில் தொங்கியது. சில பெண்கள் தங்கள் மொழியைக் கண்டுபிடித்து வாய்விட்டுப் படித்தார்கள். அம்மா யாரும் பார்க்காதபோது அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டூல் ரூமில், அப்பாவின் மேஜைக்கு மேலே இருந்த அறிவிப்பில் மட்டும் கடைசியாக இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

தெரியாவிட்டால் கேள்.
தெரிந்தால் சொல்.

அதே இரண்டு வரி கன்னடத்திலும் தெலுங்கிலும் இருந்தது. பர்சனல் ஆபீசர் கண்ணில் அது பட்டுவிட்டது. "இது நம்ம லிஸ்ட்டுல இல்லையேம்மா?" என்றார்.

"எடம் இருந்துச்சுங்க சார். வேணாம்னா எடுத்துடறன்."

அவர் இன்னொருமுறை படித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். அப்பா அதைத் தலை தூக்கிப் படித்தார். மேஜையில் அரங்களை வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார், அவற்றோடு அந்தப் பச்சைப் பட்டையும் ஒரு சந்தனப் பொட்டோடு இருந்தது. "எழுத்துப் பிழை இல்ல," என்றார் அம்மாவிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு நல்லா வேண்டும் என்று நினைத்தேன். ரிட்டயர் ஆகும்வரை அவர் அந்த அறிவிப்பின் அடியில்தான் வேலை செய்தார். கம்பெனி நோட்டீஸ் வேலை அம்மாவுக்கே வந்தது. கொஞ்ச நாளில் வேறு கம்பெனிகளும் வந்தன. பீரோவிலிருந்த அந்தப் பழைய ஆர்டர் எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் ஓசூர் வீட்டில் அவருடைய டூல் பெட்டியை அம்மாவும் நானும் ஒதுங்க வைத்தோம். மேல் தட்டில், எண்ணெய்த் துணியில் சுற்றி, அந்த ராம் இருந்தது. சந்தனம் காய்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு மூலையையும் பார்த்தேன். எந்த வெட்டு அப்பாவுடையது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அம்மா, அன்னைக்கு அந்தப் புத்தகத்தில் படம் இருந்தது, எனக்குத் தெரியும், விளையாட்டை அழித்த கோபத்தில் நான் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும். பொஸ்தகம் உன் மடியில தெறந்துதான கெடந்துச்சு. நான் பின்னால நின்னு பாத்தன். அப்ப எனக்கு வெளங்கல. கடையில அவரு அந்த வெட்டக் காட்டினாரு பாரு, அப்பத்தான் அந்தப் படம் ஞாபகம் வந்துச்சு. உன்னப் பாத்தன். நீ ரப்பர வாங்கிப் பையில போட்டுக்கின."

"அப்பாவுக்கு?"

"நான் சொல்லல. அது நீ சொல்ல வேண்டியது."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

அம்மா எண்ணெய்த் துணியை என் கையிலிருந்த ராமின்மேல் போட்டு மூடினாள்.

"கேக்காம என்ன. மூணு பாஷையில எழுதி உங்கப்பா தலைக்கு மேல மாட்டி, உன்னக் கூட்டினு போய்க் காட்டினனே பாப்பா," என்றாள். "மொத வரி அவருக்கு. ரெண்டாவது யாருக்குன்னு நெனச்ச?"